புரவலரா, ஒரே சந்தாவா, நாள் உபயமா? நோயாளிகளுக்குத் துணை நிற்கும் ஒரு குழுவின் பணக் கேள்வி

பொதுக்குழு நெருங்கினால் போதும், எங்கள் செயற்குழுவில் யாராவது ஒருவர் இந்தப் பேச்சை எடுத்துவிடுவார். “சந்தாவை மூணு வகையாப் பிரிச்சிடலாம் சார். சாதாரணம், ஆயுள், புரவலர். புரவலர் பேரை போர்டுல போட்டா நாலு பேர் கொடுக்க முன்வருவாங்க.” கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ரசீது புத்தகம் என் பையில்தான் இருக்கிறது என்பதால் அந்த நாலு பேர் எனக்கும் வேண்டும்.

எங்களுடையது சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் துணை நிற்கும் சிறு குழு, துணைக்குழு என்போம். டயாலிசிஸ் செலவு பெரும்பாலும் அரசு மருத்துவமனையிலோ முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலோ நடந்துவிடுகிறது. மிச்சச் செலவுதான் குடும்பத்தைச் சாய்க்கிறது: வாரம் இரண்டு மூன்று முறை போய்வர ஆட்டோ, கூட வருபவர் அன்றைக்கு இழக்கும் கூலி, நாலு மணி நேரம் படுத்திருந்து எழுந்தவருக்கு ஏதாவது டிபன். இதற்கெல்லாம் காப்பீட்டு அட்டை உதவாது. ஒரு மாதம் கொடுத்து மறு மாதம் நிறுத்துகிற உதவியும் அல்ல இது. டயாலிசிஸ் நிற்பதில்லை, ஆட்டோவும் நிற்க முடியாது. ஆகவே தொடர்ந்து பணம் வரவேண்டும். அதை எந்தப் பெயரில் வாங்குவது, கொடுத்தவருக்கு என்ன மரியாதை செய்வது என்பதுதான் பேச்சு. புற்றுநோய், தலசீமியா, மனநலம், குடிமீட்பு என்று எதற்காகச் சேர்ந்த குழுவானாலும் இதே பேச்சு வரும்.

அடுக்கு முறை

முதலில் புரவலர் யோசனையையே எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டுக்கு இது பழகிய வழி. அரசுப் பொது நூலகத்தில் 1,000 ரூபாய் கட்டினால் புரவலர், 5,000 கட்டினால் பெரும் புரவலர், 10,000 கட்டினால் கொடையாளர். கிளை நூலகத்துக்குள் நுழைந்தால் பெயர்ப்பலகை கண்ணில் படும். இந்தியச் செஞ்சிலுவைச் சங்கத்திலும் புரவலர், துணைப் புரவலர், ஆயுள் உறுப்பினர், ஆண்டு உறுப்பினர் என்று அடுக்கு உண்டு. ரோட்டரி அறக்கட்டளைக்கு 1,000 டாலர் கொடுத்தால் பால் ஹாரிஸ் ஃபெலோ. லயன்ஸில் அதே 1,000 டாலருக்கு மெல்வின் ஜோன்ஸ் ஃபெலோ. ஊரில் பலரும் அந்தப் பட்டத்தை அப்பா பெயரிலோ மனைவி பெயரிலோ வாங்குவார்கள். அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள்.

இவை நன்றாக நடக்கக் காரணம் உண்டு. நூலகப் புரவலருக்குக் கூடுதலாக ஒரு புத்தகம் கிடைப்பதில்லை. பால் ஹாரிஸ் ஃபெலோ ஆனவருக்கு அவருடைய கிளப்பில் இரண்டு ஓட்டு இல்லை. கொடுப்பவர் ஓரிடத்தில், பெறுபவர் வேறிடத்தில். துணைக்குழுவில் அப்படி இல்லை. கொடுப்பவரும் பெறுபவரும் ஒரே வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். பல நேரம் இருவரும் ஒருவரே. போன வருடம் ஆட்டோவில் ஏறியவர் இந்த வருடம் 2,000 ரூபாய் கொடுப்பார். இன்று 5,000 கொடுப்பவரின் அண்ணனுக்கு அடுத்த மாதம் ரத்தத்தில் க்ரியாட்டினின் ஏறும், அதாவது அவர் சிறுநீரகமும் தடுமாறும்.

திங்கட்கிழமை காலை ஆறு மணி ஷிஃப்டுக்கு ஆட்டோப் பட்டியல் போடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புரவலரின் மைத்துனர் வீடு வழியில் இருப்பதால் அவர் பெயர் முதலில் வருகிறது. காரணம் தூரம் மட்டும்தான். யார் நம்புவார்கள்? அடுக்கு இல்லாத குழுவில் இதை யாரும் கவனிக்கவே மாட்டார்கள். அடுக்கு வந்துவிட்டால் ஒவ்வொரு பட்டியலையும் அந்தக் கண்ணோடுதான் பார்ப்பார்கள். சந்தேகம் வருவதற்கு முறைகேடு நடக்க வேண்டும் என்பதே இல்லை. 100 ரூபாய் சந்தா கட்ட முடியாதவர் ஒருவர் முதலில் கூட்டத்துக்கு வருவதை நிறுத்துவார், அப்புறம் உதவி கேட்பதையும் நிறுத்துவார். அவருக்காகத்தான் குழுவே தொடங்கினோம்.

ஆயுள் சந்தா தனிக் கதை, எங்களிடமும் முன்பே அதைக் கட்டியவர்கள் இருக்கிறார்கள். அதில் மரியாதைச் சிக்கல் குறைவு, கணக்குச் சிக்கல் அதிகம். ஆண்டுச் சந்தா 500, ஆயுள் சந்தா 5,000 என்று வைப்போம். 40 பேர் ஆயுள் சந்தா கட்டினால் கையில் 2 லட்சம். அதை வங்கியில் போட்டு 7 சதவீதம் வட்டி என்று கொண்டால் ஆண்டுக்கு 14,000. அதே 40 பேர் ஆண்டுதோறும் 500 கட்டினால் 20,000. அவர்களில் 28 பேர் மட்டும் ஒழுங்காகப் புதுப்பித்தாலே வட்டிக்குச் சமம். ஆயுள் சந்தாவில் அசல் அப்படியே இருக்குமே என்பார்கள். இருக்கும், தொடாமல் வைத்தால். சிறு குழுக்களில் அது பெரும்பாலும் இரண்டாவது ஆண்டிலேயே யாரோ ஒருவரின் அவசரத்துக்குப் போய்விடும், போக வேண்டிய அவசரமாகவும் இருக்கும். வட்டி 14,000 அப்படியே நிற்க, ஆட்டோக்காரர் வாடகையை ஏற்றிக்கொண்டேதான் போவார்.

இன்னொன்று, ஆயுள் உறுப்பினர்கள் ஊர் மாறிப் போவார்கள், முகவரி மாறும், காலமாவார்கள். பதிவேட்டில் பெயர் நிற்கும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் பதிவு செய்த சங்கமானால் அந்தப் பதிவேட்டைத்தான் எல்லாவற்றுக்கும் எடுத்துக்கொள்வார்கள். துணைவிதியில் ‘மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர் வந்தால்தான் கூட்டம் செல்லும்’ என்று எழுதியிருந்தால், வராத ஆயுள் உறுப்பினர்களைச் சேர்த்து எண்ணி, வந்திருப்பவர்கள் போதாமல் கூட்டத்தை ஒத்திவைக்க வேண்டிவரும். நம் ஊர்ச் சங்கங்கள் பலவற்றில் பொதுக்குழு என்பது ஒத்திவைத்த கூட்டமாகவே நடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எதிர் முனை: தட்டு மட்டும்

அடுக்குக்கு நேர் எதிரான வழியும் உலகில் நன்றாக வேரூன்றியிருக்கிறது. 1935-இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து ஆக்ரனில் தொடங்கிய ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ குழுக்களில் உறுப்பினர் கட்டணம் கிடையாது. குடியை விட விருப்பம் இருந்தால் போதும், நீங்கள் உறுப்பினர். கூட்டத்தில் தட்டு சுற்றும், முடிந்தவர் போடுவார். வெளியார் பணம் வாங்குவதில்லை. உறுப்பினரே ஆனாலும் ஓராண்டில் மையத்துக்குக் கொடுப்பதற்கு மேல்வரம்பு வைத்திருக்கிறார்கள். நம் சங்கங்களில் கீழ்வரம்பு வைத்துத்தான் பழக்கம். மேல்வரம்பு என்றால் பொருளாளர்களுக்கு மயக்கமே வரும்.

தொடக்கத்தில் அவர்களும் பெரிய பணத்தைத் தேடத்தான் செய்தார்கள். நிறுவனர் பில் வில்சனும் நண்பர்களும் 1930-களின் கடைசியில் ராக்ஃபெல்லரிடம் போனார்கள். அவர் பெருந்தொகை தரவில்லை. 1938-இல் 5,000 டாலர் கொடுத்தார். பணம் அதிகமானால் இந்த வேலை கெட்டுவிடும் என்பது அவர் கணிப்பு. பிற்பாடு தன்னிறைவை அவர்கள் கொள்கையாகவே வைத்துக்கொண்டார்கள். பெரிய கொடையாளர் இல்லையென்றால் பெரிய கொடையாளரின் செல்வாக்கும் இல்லை.

அப்படியானால் எல்லோரும் தட்டையே சுற்ற விடலாமே? முடியாது. அந்தக் குழுக்களின் செலவு என்ன? ஒரு அறை, தேநீர், கொஞ்சம் அச்சுத்தாள். பேசுவதும் கேட்பதும்தான் அங்கே மருந்து. எங்கள் மாதிரி ஆட்டோவும் டிபனும் கொடுக்கும் குழுவுக்குத் தட்டில் விழுவது ஒரு வாரம்கூடத் தாங்காது. உங்கள் குழு கூடிப் பேசுவதற்கான குழு மட்டும்தானா, அப்படியென்றால் இதைவிடச் சிறந்த வழி இல்லை. இந்தக் கட்டுரையை இத்தோடு நிறுத்திவிட்டு ஒரு எவர்சில்வர் தட்டு வாங்கிவிடலாம்.

ஒரே சந்தா, ஒரே ஓட்டு

நடுவழி இது. எல்லோருக்கும் ஒரே சிறு சந்தா, 100 ரூபாய் போல. ஒருவருக்கு ஒரு ஓட்டு. கட்ட முடியாதவர் பொருளாளரிடம் மட்டும் ஒரு வார்த்தை சொன்னால் போதும், ரசீது புத்தகத்தில் அவருக்கும் எல்லோரையும் போல ரசீது. தொகையைப் பொது நன்கொடையிலிருந்து ஈடுகட்டிக்கொள்ளலாம். அந்தப் பெயர் பொருளாளர் வாயிலிருந்து வெளியே வரக்கூடாது. நன்கொடை முற்றிலும் வேறு கணக்கு, வேறு ரசீது புத்தகம்.

இதன் குறை வெளிப்படையானது. சந்தாவை வைத்துப் பணத்தேவை தீராது, அதை வசூலிக்க அலைகிற அலைச்சலும் குறையாது. 100 ரூபாய்க்கு மூன்று முறை போன் செய்ய வேண்டியிருக்கும். ஆனாலும் சந்தா இருக்கட்டும் என்பேன். காசு கொடுத்தவர் கேள்வி கேட்பார். பெறுபவராக மட்டும் இருப்பவர் கணக்குக் கேட்கக் கூச்சப்படுவார். 100 ரூபாய் ரசீதைக் கையில் வைத்திருப்பவர் ‘ஆட்டோக்கு ஏன் இந்த மாசம் இவ்வளவு?’ என்று கேட்பார். பொருளாளருக்கு எரிச்சல்தான், குழுவுக்கு நல்லது.

நாள் உபயம்

பெரிய பணம் வரவேண்டிய வழி இதுதான் என்பது என் கட்சி. முதியோர் இல்லங்களிலும் ஆதரவற்றோர் இல்லங்களிலும் ‘இன்றைய மதிய உணவு இன்னார் நினைவாக’ என்று கரும்பலகையில் எழுதியிருப்பார்களே, அதே முறை. பிறந்த நாள், திருமண நாள், அப்பாவின் திதி. அன்றைய செலவை ஒருவர் ஏற்கிறார், அன்றைக்கு அவர் பெயர் பலகையில் இருக்கும், மறுநாள் அழிந்து வேறொருவர் பெயர் வரும். ஆறு ஆட்டோவுக்கு 250 வீதம் 1,500, பன்னிரண்டு டிபனுக்கு 50 வீதம் 600. ஒரு நாளைக்கு 2,100 ரூபாய். கொடுப்பவருக்குத் தன் பணம் எங்கே போகிறது என்று கண் முன்னால் தெரிகிறது. யாரும் நிரந்தரமாக மேலே உட்காருவதில்லை. ஒரு நாளை மூன்று பேர் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்பதால் 700 ரூபாய்க்காரரும் உபயதாரரே.

சிக்கல் இல்லாமல் இல்லை. ஆங்கிலப் புத்தாண்டு, பொங்கல், ஆடி அமாவாசைக்கு ஐந்து பேர் போட்டி போடுவார்கள். நடுவில் ஒரு வாரம் காலியாகக் கிடக்கும். ஒரே நாளுக்கு வரும் இரண்டாவது ஆளிடம் ‘பெயர் அன்றைக்குப் பலகையில் இருக்கும், பணம் காலி நாளுக்குப் போகும், சரியா?’ என்று கேட்டுவிட வேண்டும். பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.

நேரில் வந்து தன் கையால் கொடுக்க விரும்புகிறவர்கள்தான் கொஞ்சம் கஷ்டம். அப்பா நினைவு நாள் என்று ஒருவர் கைநிறைய இளநீரும் ஒரு தார் வாழைப்பழமும் கொண்டுவருவார். மனம் நிறைந்த கொடை. ஆனால் இரண்டிலும் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் வேலை செய்யாதவர் உடம்பில் அது வெளியேறாமல் தங்கி இதயத் துடிப்பையே குலைத்துவிடும். ‘வேண்டாம்’ என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல்வது எவ்வளவு சங்கடம்! அதனால் உபயச் சீட்டிலேயே ‘பொருளாக வேண்டாம், பழம் இளநீர் கூடாது, நோயாளிகளோடு படம் எடுக்கக்கூடாது’ என்று மூன்று வரி அச்சிட்டுவிடுவது நல்லது. அச்சில் இருந்தால் கோபம் அச்சகத்தின் மேல் போய்விடும்.

சிறு சிறு தொகையில் பெரிய வேலை நடக்கும் என்பதற்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. கோழிக்கோட்டில் 1993-இல் தொடங்கிய வலிநிவாரண, ஆதரவுச் சிகிச்சை இயக்கம் பிறகு மலப்புறம் மாவட்டமெங்கும் அக்கம்பக்கத் தன்னார்வலர் வலைப்பின்னலாகப் பரவியது. அதைத் தாங்கியதில் பெரும்பங்கு உள்ளூர் மக்களின் சின்னச் சின்னக் கொடைகள். 2008-இல் கேரள அரசே ஆதரவுச் சிகிச்சைக்குத் தனிக் கொள்கை வகுத்தது.

பெயரை எங்கே போடுவது, போடலாமா

உபயம் என்றதும் கோயில் டியூப்லைட் ஞாபகம் வராதவர் யார்? விளக்கில் வெளிச்சம் வர இடமில்லாமல் பெயர் எழுதியிருக்கும். கிண்டல் செய்கிறோம், ஆனால் பெயர் பொறிப்பது நம்மிடம் ஆயிரம் ஆண்டுப் பழக்கம். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன், ‘நாம் குடுத்தனவும், நம் அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும், மற்றும் குடுத்தார் குடுத்தனவும்’ விமானத்துக் கல்லிலே வெட்டச் சொன்னான். அரசனும் ‘மற்றும் குடுத்தாரும்’ ஒரே கல்லில் வருகிறார்கள் என்பது ஒரு அழகு. அந்தக் கல்வெட்டுகளை வாசித்தால் புகழ்ச்சியைவிடக் கணக்கே அதிகம் இருக்கும்: என்ன பொருள், எவ்வளவு எடை, யார் பொறுப்பு. அணையாமல் எரியும் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள், ‘சாவா மூவாப் பேராடு’. மந்தையின் எண்ணிக்கை குறையாமல் காத்து நாள்தோறும் நெய் அளக்க வேண்டியது இடையர் பொறுப்பு. அசலைத் தொடாமல் வரும்படியில் விளக்கெரிப்பது. ஆயுள் சந்தா வசூலிக்கும் பொருளாளர்கள் அந்த இடையர்களிடம் பாடம் கேட்கலாம்.

துணைக்குழுவுக்குக் கோயிலுக்கு இல்லாத ஒரு சிக்கல் உண்டு. உறுப்பினர் பட்டியல் என்பது பாதி நோயாளிகள் பட்டியல். குடிமீட்புக் குழுவின் பலகையில் ‘ஆயுள் உறுப்பினர்’ என்று ஒருவர் பெயர் இருந்தால் பார்ப்பவர் என்ன நினைப்பார்? மனநலக் குழு, எச்ஐவி குழு என்றால் சொல்லவே வேண்டாம். பெண் பார்க்க வந்தவர் காதுக்கு அது போகும். டயாலிசிஸ் வெளியே தெரிந்ததுதானே என்று எங்களில் சிலர் நினைத்திருந்தார்கள். வேலை போய்விடும் என்று அலுவலகத்தில் மறைத்து வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். ஆகவே உறுப்பினர் பட்டியல் எங்கேயும் வெளியே போகக்கூடாது. ஆண்டு மலரில் போடக்கூடாது, வாட்ஸ்அப்பில் சுற்றக்கூடாது. உபயதாரர் பெயர் மட்டும், அதுவும் கேட்டுக்கொண்டு. ரசீதில் ஒரு கட்டம் போதும்: ‘என் பெயர் / நினைவுகூரப்படுபவர் பெயர் மட்டும் / பெயர் வேண்டாம்’.

தொகை போடுவதா? வேண்டாம். ஆண்டு முடிவில் அகர வரிசையில் பெயர், தொகை இல்லாமல். தொகை தெரிந்தால் கொடுப்பது கூடும் என்று வாதிடுவோர் உண்டு. கல்யாண மொய் நோட்டு அப்படித்தான் நடக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். மொய்யைத் திருப்பிச் செய்ய ஒரு நாள் வரும். இங்கே திருப்பிச் செய்ய எதிர்பார்க்கும் நாளை யாரும் விரும்ப மாட்டார்கள். பொன்னாடை, கேடயம் பற்றி அதிகம் பேச எதுவும் இல்லை: அந்தக் காசுக்கு எத்தனை டிபன் வரும் என்று மேடையில் இருப்பவரே மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்.

ஆடிட்டர் கேட்கப்போகும் கேள்விகள்

பெயர்ப்பலகைக்கு ஜிஎஸ்டி உண்டா என்று ஒரு பயம் ஊரில் இருக்கிறது. 2019 அக்டோபரில் வந்த சுற்றறிக்கை இதைத் தெளிவாக்கிவிட்டது. தனிநபர் கொடுத்த நன்கொடைக்கு நன்றியாக அறக்கட்டளையின் இடத்தில் பெயர் போடுவது, அப்பா நினைவாக இன்னார் கொடுத்தது என்று அறைக் கதவில் எழுதுவது, இவற்றுக்கு வரி இல்லை. கொடுத்தவரின் தொழிலை விளம்பரம் செய்வதாக இருந்தால் கதை வேறு. ‘முருகேசன் நினைவாக’ சரி. ‘முருகேசன் மெடிக்கல்ஸ், பேருந்து நிலையம் எதிரில்’ என்று போட்டால் அது விளம்பரச் சேவை. கடைக்காரர் வற்புறுத்தினால் ஆண்டு மலரில் விளம்பரமாகவே வாங்கி, அந்தத் தலைப்பிலேயே வரவு வையுங்கள்.

நன்கொடைக்கான வரிச்சலுகை ரசீது என்றால் ஊரில், பழைய வருமான வரிச் சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து, ‘80ஜி’ தான். 2026 ஏப்ரலில் புதிய வருமான வரிச் சட்டம் வந்து பிரிவு எண்கள் மாறினாலும் பெயர் போகாது. அடுக்கு முறைக்கு இங்கேயும் ஒரு அடி விழுகிறது. பதிலுக்குச் சலுகைகள் தரும் உறுப்பினர் கட்டணம் நன்கொடை ஆகாது. புரவலருக்கு ‘முன்னுரிமை’ என்று துணைவிதியில் எழுதிவிட்டு அவருக்கு நன்கொடை ரசீதும் கொடுக்க முடியாது. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கொடுப்பவருக்குச் சலுகை இல்லை. எங்கள் ஒரு நாள் உபயம் 2,100 என்பதால் ஜிபேயிலோ காசோலையிலோ கேட்டு வாங்குகிறோம். பழைய வரிமுறையில் இருப்பவருக்குத்தான் இந்தச் சலுகையே. புதிய முறைக்கு மாறிவிட்டவரிடம் 80ஜி ஆசை காட்டுவது வீண்.

‘பெயர் வேண்டாம்’ என்பவர் பலகைக்குத்தான் அநாமதேயர், கணக்குக்கு அல்ல. கொடுத்தவர் யார் என்ற பதிவே இல்லாத நன்கொடை, மொத்த நன்கொடையில் 5 சதவீதம் அல்லது 1 லட்சம் ரூபாய், இதில் எது அதிகமோ அதைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 30 சதவீதம் வரி. சிறு குழுவின் உண்டியல் அந்த அளவை எட்டாது. ஆனாலும் பெரிய தொகைக்கு ரசீதின் அடிக்கட்டையில் பெயர், முகவரி, பான் எண் இருக்கட்டும்.

வெளிநாட்டிலிருந்து உபயம் வருவது இப்போது சகஜம். துபாயில் வேலை பார்க்கும் இந்தியக் குடிமகன் தன் சம்பளத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்ட தம்பி 2,100 அனுப்பினாலும் அது வெளிநாட்டுப் பங்களிப்புதான். அதற்குத் தனிப் பதிவும் புதுடில்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் கணக்கும் வேண்டும். பதிவு இல்லாத குழு அந்தப் பணத்தை அன்போடு திருப்பி அனுப்புவதைத் தவிர வேறு வழியில்லை.

ஆக இந்தப் பொதுக்குழுவில் நான் வைக்கப்போகும் தீர்மானம்: ஒரே சந்தா 100 ரூபாய், ஒரு ஓட்டு, சந்தா விலக்கு பொருளாளர் பொறுப்பு, நாள் உபயம் 2,100, பங்கு 700, பலகையில் அன்றைய பெயர் மட்டும், ஆண்டறிக்கையில் அகர வரிசை, உறுப்பினர் பட்டியல் வெளியே போகாது. ஏற்கெனவே ஆயுள் சந்தா கட்டியவர்களின் ஓட்டும் உரிமையும் அப்படியே இருக்கும், புதிதாக வாங்குவது நிற்கும். அவர்கள் கட்டிய தொகையில் மிச்சம் இருப்பதைத் தனி வைப்பில் போட்டு வட்டியை மட்டும் எடுப்பது. யாராவது ‘இது மூலநிதிக்கு’ என்று பெருந்தொகை கொடுத்தால், அப்படி எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் அதில் சேர்ப்பது. புரவலர் என்ற சொல்லை விட மனம் இல்லாதவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காக ஒரு திருத்தம் தயாராக வைத்திருக்கிறேன்: ஓராண்டில் பன்னிரண்டு நாள் உபயம் சேர்த்துக் கொடுப்பவரையோ பிறரிடம் திரட்டித் தருபவரையோ அந்த ஆண்டுக்கு மட்டும் புரவலர் என்று அழைக்கலாம், ஓட்டும் முன்னுரிமையும் இல்லாமல். மார்ச் 31-ஆம் தேதி பட்டம் காலாவதி.